பின்னால் வந்தது முன்னதை மறைக்கும்

வெள்ளைத் திரையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் வந்து, 30 மில்லிவினாடி நின்றுவிட்டுப் போகிறது. அது தனியாக வந்துபோனால் யாருக்கும் தெரியும்; கண் அவ்வளவு மந்தம் இல்லை. இப்போது வட்டம் போனபின், கொஞ்சம் இடைவெளி விட்டு, அது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையத்தைக் காட்டுகிறார்கள். வளையத்தின் உள்விளிம்பு, வட்டம் இருந்த எல்லையை ஒட்டி நிற்கும். ஆனால் வட்டம் இருந்த இடத்தின் மேல் வளையத்தின் கறுப்பு ஓர் இழைகூட விழாது. வட்டம் தோன்றி ஏறத்தாழ 50 முதல் 80 மில்லிவினாடி கழித்து வளையம் வந்தால், பார்க்கிறவருக்கு வளையம் மட்டும்தான் தெரிகிறது. உள்ளே வெறும் வெள்ளை. "வட்டமா? அப்படி ஒன்றும் வரவில்லையே" என்பார்.

வளையம் வட்டத்தோடு சேர்ந்தே வந்தால் இரண்டும் தெரிகின்றன. ரொம்பவும் தாமதித்து வந்தாலும் முதலில் வட்டம், பிறகு வளையம் என்று இரண்டும் ஒழுங்காகத் தெரிகின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய காலத்தில்தான் வட்டம் காணாமல் போகிறது. அதைவிட விசித்திரம், நேரக்கணக்கு. விழித்திரையில் விழுந்த ஒளியின் செய்தி, மண்டையின் பின்புறத்தில், மூளையின் வெளியடுக்கில் இருக்கும் முதல் காட்சிப் புறணியை எட்ட சுமார் 50 மில்லிவினாடி ஆகும். அப்படியென்றால் வளையம் கண்ணைத் தொடும்போது வட்டத்தின் செய்தி ஏற்கெனவே மூளைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட ஒன்றை, பின்னால் வந்த வேறொன்று எப்படி இல்லாமல் ஆக்கும்?

காட்சி மறைப்பு என்று உளவியலிலும் நரம்பியலிலும் பேசப்படுவது இதைத்தான். ஒரு பொருளைப் பார்ப்பது ஒளி கண்ணில் பட்ட கணத்தில் முடிந்துவிடுகிற காரியம் இல்லை. அது நூறு, இருநூறு மில்லிவினாடி நீளும் வேலை. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் வருகிறதற்கும் அதில் ஒரு கை உண்டு. இதைச் சோதித்துப் பார்க்க மறைப்பைவிட மலிவான கருவி இதுவரை கிடைக்கவில்லை. மண்டையைத் திறக்க வேண்டாம், மருந்து கொடுக்க வேண்டாம். ஒரு திரையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

உண்மையில் கையில் இருக்கும் போனே போதும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினேன். எழுத்து சொல்லிக்கொடுக்க வந்த இடத்தில் இது எதற்கு என்று கேட்டால், அட்டையைத் தூக்கிக் காட்டி "இது என்ன எழுத்து?" என்று கேட்பதில் அவர்களுக்கு அலுப்பு வந்துவிட்டிருந்தது. சாதாரணப் போன் திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒரு சட்டகம் ஏறத்தாழ 17 மில்லிவினாடி. ஒரே ஒரு சட்டகத்துக்கு 'ழ' வந்துபோகட்டும், பிறகு வெறும் திரை. எல்லாரும் "ழ" என்று கத்தினார்கள். அடுத்து, 'ழ' போன உடனேயே அதே இடத்தில் எழுத்துகளின் கொம்பையும் சுழியையும் வெட்டி ஒட்டிய ஒரு கிறுக்கல். இப்போது கிறுக்கல் மட்டும்தான். எழுத்தைக் காணோம்.

"அங்கிள், நீங்க லெட்டர் போடவே இல்ல, ஏமாத்துறீங்க" என்று ஒரு பையன் எழுந்துவிட்டான். பேச்சில் பாதி ஆங்கிலம்தான். இங்கே பெரும்பாலான வீடுகளில் தமிழ் தாத்தா பாட்டியோடு நின்றுவிட்டது. அவனிடமே இன்னொரு போனைக் கொடுத்து, வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவீடியோவில் திரையைப் படம்பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு படமாக நகர்த்தினான். நாலு படத்துக்கு 'ழ' பளிச்சென்று நின்றது, அப்புறம் கிறுக்கல். கேமராவுக்குக் கிடைத்தது அவன் கண்ணுக்கும் கிடைத்ததுதான். அவனுக்குத்தான் கிடைக்கவில்லை. எழுத்துக்கும் கிறுக்கலுக்கும் நடுவே வெறும் சட்டகங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், ஐந்தாறு சட்டகம், அதாவது 100 மில்லிவினாடி நெருங்கும்போது எழுத்து திரும்பி வந்துவிடுகிறது. இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஓஎல்இடி திரையில் செய்யுங்கள். எல்சிடி திரையின் புள்ளிகள் மெதுவாக அணைவதால் காலக்கணக்கு கலங்கிப்போகும். ஆய்வுக்கூடங்கள் பழைய குண்டு மானிட்டர்களை வெகுகாலம் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் இதுதான்.

இது நேற்றைய கண்டுபிடிப்பும் இல்லை. வியன்னாக்காரரான சிக்மண்ட் எக்ஸ்னர் 1868லேயே அடுத்தடுத்து வரும் ஒளிக்காட்சிகளில் பின்னது முன்னதைப் பாதிப்பதை ஆராய்ந்தார். முதலில் சொன்ன வட்டமும் வளையமும் போல, தொடாமலே மறைக்கும் வகைக்கு 1910இல் ராபர்ட் ஸ்டிக்லர் 'மெட்டாகான்ட்ராஸ்ட்' என்று பெயர் வைத்தார். கிறுக்கல் எழுத்தை மறைப்பது இன்னொரு வகை. மறைக்கும் காட்சி (மறைப்பான்), மறைபடும் காட்சிக்கு (இலக்குக்கு) முன்னால் வந்தும் மறைக்கலாம். அதில் அவ்வளவு புதிர் இல்லை, கண் இன்னும் பழைய காட்சியிலிருந்து மீளவில்லை என்று சொல்லிவிடலாம்.

வெறும் வெளிச்சம்கூட மறைப்பான் ஆகும். 1947இல் பி. எச். க்ராஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் மங்கலான ஒரு சிறு ஒளியைக் கண்டுபிடிக்க எவ்வளவு வெளிச்சம் தேவை என்று அளந்தார். அதோடு பெரிய பிரகாசமான ஓர் ஒளியையும் போட்டார். பெரிய ஒளி வந்தபின் சிறியது தெரிவது கடினம் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் பெரிய ஒளி வருவதற்கு ஏறத்தாழ 100 மில்லிவினாடி *முன்னதாகவே* சிறிய ஒளியைக் காண்பது கடினமாகத் தொடங்கிவிட்டது. காரணம் மந்திரம் இல்லை. பிரகாசமான ஒளியின் செய்தி நரம்பில் வேகமாகப் போகும். மங்கலானது ஆடி அசைந்து வரும். பின்னால் கிளம்பியது முன்னால் கிளம்பியதை வழியில் பிடித்துவிடுகிறது. லோட் ஷெட்டிங் காலத்தில் டர்பன் இரவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு வெளிச்சத்தின் இந்தச் சேட்டை புரியும். தெருவிளக்கும் இல்லை, ரோபோட்டும் (சிக்னல் விளக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இல்லை. எதிரே ஒருவன் முழு விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறான். அவனுக்குச் சற்று முன் ஓரத்தில் அசைந்தது என்ன என்பது நமக்குக் கடைசிவரை தெரியாது. கண்கூச்சம் இதில் பெரும்பங்கு என்றாலும், மறைப்புக்கும் அங்கே வேலை உண்டு.

இப்படி ஒரு குறை நமக்கு எதற்கு என்று தோன்றும். நான் இதைக் குறை என்று சொல்லமாட்டேன். நம் கண் வினாடிக்குச் சுமார் மூன்று முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் 20 முதல் 100 மில்லிவினாடி. அந்த நேரத்தில் விழித்திரையில் உலகமே சர்ரென்று இழுபட்டு மங்கலாக ஓடும். அந்த மங்கலை யாராவது பார்த்திருக்கிறோமா? 1978இல் கேம்பெல்லும் வுர்ட்ஸும் இதைச் சோதித்தார்கள். கண் தாவும் நேரத்தில் மட்டும் அறையில் விளக்கை எரியவிட்டால் அந்த இழுபட்ட மங்கல் நன்றாகவே தெரிகிறது. தாவலுக்கு முன்போ பின்போ சிறிது நேரம் விளக்கை நீட்டினால் மங்கல் மறைந்துவிடுகிறது. தாவி நின்றபின் வரும் தெளிவான காட்சி, நடுவில் வந்த குப்பையை மறைத்துவிடுகிறது. கண் தாவும்போது மூளை தானாகவே பார்வையைத் தணிக்கிறது என்பதும் உண்மை; ஆனால் பெரும் வேலையை மறைப்பே செய்துவிடுகிறது.

கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை நீங்கள் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவர் பார்ப்பார். போனின் முன்கேமராவில் செய்தால் பெரும்பாலும் அசைவு தெரிந்துவிடும், ஏனென்றால் திரைக்குப் படம் சற்றுத் தாமதித்து வருகிறது. அதற்குள் தாவல் முடிந்திருக்கும்.

கிங்ஸ்மீடில் கிரிக்கெட் பார்த்த யாரும் இதைக் கண்முன் பார்த்திருக்கிறார்கள், தெரியாமல். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை வினாடிக்கும் சற்றுக் குறைவு. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000இல் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தபோது, அவர்கள் பந்தை முழுதாகத் தொடர்வதில்லை என்று தெரிந்தது. பந்து கையை விட்டதும் ஒரு நொடித்துண்டு பார்க்கிறார்கள்; அடுத்து, பந்து குத்தப்போகும் இடத்துக்குக் கண் தாவிப்போய் அங்கே காத்திருக்கிறது. அந்தத் தாவலின்போது பந்து பறந்த வழி அவர்களுக்குக் காட்சியாகக் கிடைப்பதில்லை. கேட்டால், "பந்தைக் கடைசிவரை பார்த்தேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை.

இனி, மறைக்கப்பட்டது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்ற கேள்வி. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இது. 1962இல் ஃபெஹ்ரரும் ராபும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். நடுவில் ஒரு சதுரம். அது தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். சதுரத்துக்குப் பின்னால் இருபுறமும் இரண்டு சதுரங்கள் வந்து நடுச்சதுரத்தை மறைக்கின்றன. நடுச்சதுரம் தெரியவில்லை என்றால், பொத்தானை அழுத்துவது பக்கச் சதுரங்கள் வந்தபின்தானே நடக்க வேண்டும்? இல்லை. நடுச்சதுரம் தெளிவாகத் தெரிந்தபோது எவ்வளவு வேகமோ அதே வேகத்தில் கை அழுத்தியது. காணாத ஒன்றுக்கு விரல் பதில் சொல்லியிருக்கிறது.

குரங்குகளின் மூளையில் மின்முனை வைத்து 1994இல் எட்மண்ட் ரோல்ஸும் மார்ட்டின் டோவேயும் பார்த்தது இதற்கு அடிப்பக்கம். முகத்தை அடையாளம் காணும் நரம்பணுக்கள் கன்னப்பொறிப் பக்கத்து மூளைப் புறணியில் உண்டு. 16 மில்லிவினாடி முகம் ஒன்றைக் காட்டினாலும் அவை 200, 300 மில்லிவினாடிவரை துடித்துக்கொண்டே இருக்கும். பின்னாலேயே மறைப்பானைப் போட்டால் துடிப்பு தொடங்குகிறது, ஆனால் 20, 30 மில்லிவினாடியில் வெட்டுப்பட்டுவிடுகிறது. அதாவது முகத்தின் செய்தி மேல்மாடிவரை போயிருக்கிறது. அங்கே தங்க நேரம் கிடைக்கவில்லை.

பாரிஸில் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனின் குழு இன்னும் மேலே போனது. 1998இல் அவர்கள் எண் ஒன்றை 43 மில்லிவினாடி காட்டி முன்னும் பின்னும் எழுத்துக் குப்பையால் மூடினார்கள். அடுத்துத் தெளிவாக வரும் எண் 5ஐவிடப் பெரியதா சிறியதா என்று ஒரு கையாலோ மற்றக் கையாலோ சொல்ல வேண்டும். மறைந்த எண்ணும் தெரியும் எண்ணும் 5க்கு ஒரே பக்கமாக இருந்தால் பதில் வேகமாக வந்தது, வேறு பக்கமாக இருந்தால் தாமதித்தது. மறைந்த எண்ணைப் பார்த்தே, கையை இயக்கும் புறணி தயாராகத் தொடங்கிவிட்டதும் பதிவானது. எண் எழுத்தாக வந்ததா இலக்கமாக வந்ததா என்பதும் பொருட்டில்லை. மூளை அதன் மதிப்பைக் கணித்துவிட்டது. எல்லாம் அந்த மனிதருக்குத் தெரியாமல்.

இந்த இடத்தில்தான் வியாபாரிகளும் சாமியார்களும் நுழைவார்கள். 1957இல் ஜேம்ஸ் விக்கரி என்ற அமெரிக்க விளம்பர ஆள், திரையரங்கில் படத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பாப்கார்ன் தின்னச் சொல்லியும் கோக் குடிக்கச் சொல்லியும் வாசகம் போட்டு விற்பனையைக் கூட்டினதாக அறிவித்தார். உலகமே நடுங்கியது. 1962இல் அவரே அது வெறும் உத்தி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கதை மட்டும் சாகவில்லை. இன்றும் வாட்ஸாப்பில் வருகிறது, குடும்பக் குழுவில் யாராவது மாமா அனுப்புவார். மறைந்த காட்சிக்கு விளைவே இல்லை என்பதல்ல என் வாதம். 2006இல் நெதர்லாந்தில் செய்த ஒரு சோதனையில், மறைத்துக் காட்டிய பானத்தின் பெயர் தேர்வைக் கொஞ்சம் சாய்த்தது. ஏற்கெனவே தாகமாக இருந்தவர்களிடம் மட்டும். டெஹேன் குழுவின் சோதனைகளில் மறைந்த எண் தருகிற லாபம் மில்லிவினாடிக் கணக்கில்தான். விரலை ஒரு சிட்டிகை விரைவாக்கலாம். பிடிக்காத கட்சிக்கு வாக்களிக்க வைக்க முடியாது.

சரி, எங்கே தொலைகிறது? ஒரே பதில் இல்லை. கணினி மாதிரிகள் ஏராளம். முன்னோக்கிய ஓட்டம் மட்டுமே வைத்து மறைப்பை விளக்குபவையும் உண்டு, திரும்பி வரும் ஓட்டம் இல்லாமல் முடியாது என்பவையும் உண்டு.

பழைய விளக்கம் புரூஸ் பிரைட்மெயர், லியோ கான்ஸ் இருவரும் 1976இல் முன்வைத்தது. கண்ணிலிருந்து இரண்டு வகைத் தடங்கள் போகின்றன. ஒன்று வேகமானது, "ஏதோ வந்தது" என்று மட்டும் சொல்லும். மற்றது மெதுவானது, வடிவம், விளிம்பு, நிறம் என்று விவரம் கொண்டுவரும். வளையத்தின் வேகச் செய்தி, வட்டத்தின் மெதுவான விவரச் செய்தியை வழியில் அமுக்குகிறது. 50 மில்லிவினாடி போன்ற இடைவெளியில் மறைப்பு ஏன் உச்சம் அடைகிறது என்பது இதில் இயல்பாகவே வந்துவிடுகிறது. ஃபெஹ்ரர்-ராப் விரல் புதிரும் தீர்கிறது: நடுச்சதுரத்தின் வேகச் செய்தி சேதமில்லாமல் போய் விரலைத் தட்டியிருக்கும்.

1998இல் ஸ்டீபன் மாக்னிக்கும் மார்கரெட் லிவிங்ஸ்டனும் குரங்கின் முதல் காட்சிப் புறணியில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். காட்டிய உருவம் அணைந்த பிறகும் நரம்பணுக்கள் ஒரு பின்துடிப்பைத் தரும். பின்னால் வரும் மறைப்பான் அந்தப் பின்துடிப்பைத்தான் அமுக்குகிறது. ஒரு பொருள் இருந்தபோது தந்த துடிப்பைவிட, அது போனபோது தந்த துடிப்பு அதன் தெரிதலுக்கு அவ்வளவு முக்கியமாகிறது. மூளைக்கு முடிவும் ஒரு செய்தி.

மூன்றாவது விளக்கத்துக்கு ஒரு வித்தை பின்னணி. திரையில் பல உருவங்கள். அதில் ஒன்றைச் சுற்றி நாலு சிறு புள்ளிகள், எது என்று காட்டுவதற்காக. எல்லாம் ஒன்றாகத் தோன்றுகின்றன. பிறகு உருவங்கள் எல்லாம் போய்விடுகின்றன; நாலு புள்ளி மட்டும் இன்னும் சிறிது நேரம் நிற்கிறது. புள்ளிகளும் சேர்ந்தே அணைந்திருந்தால் உருவம் என்னவென்று சொல்லிவிடலாம். புள்ளிகள் தங்கிவிட்டால் உருவம் தெரியாமல் போகிறது. நாலு புள்ளி! கிறுக்கலும் இல்லை, விளிம்பை ஒட்டும் வளையமும் இல்லை. அமுக்குவதற்கு அதில் என்ன பலம் இருக்கிறது? வின்சென்ட் டி லோல்லோ, ஜேம்ஸ் என்ஸ், ரொனால்ட் ரென்சிங்க் மூவரும் 2000இல் சொன்ன பதில், மேலிடம் கீழிடத்தைத் திரும்பக் கேட்கிறது என்பது. காட்சியின் முதல் அலை மேலே ஓடுகிறது, மேலிடம் ஓர் ஊகம் செய்து, "இதுதானா?" என்று சரிபார்க்கக் கீழே அனுப்புகிறது. அதற்குள் கீழே காட்சி மாறியிருக்கும். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மசாலா வாங்க நின்றுகொண்டு, "ஷெல்ஃபில் எந்த டப்பா இருந்தது, பார்த்துச் சொல்" என்று வீட்டுக்குப் போன் போடுகிறோம். நாம் கிளம்பியபின் அங்கே யாரோ வேறு டப்பாவை வைத்துவிட்டார்கள். பதில் புது டப்பாவைப் பற்றித்தான் வரும். மூளையும் பழைய ஊகத்தைக் கைவிட்டுவிட்டு, இப்போது இருப்பதையே ஏற்றுக்கொள்கிறது: நாலு புள்ளி, நடுவில் காலி.

இந்த வகை மறைப்பு, கவனம் எங்கே என்பதையும் பொறுத்தது. உருவம் வரப்போகும் இடம் முன்பே தெரிந்து கண்ணும் மனமும் அங்கே காத்திருந்தால் நாலு புள்ளியால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. கவனம் பல இடங்களில் சிதறியிருக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. சரிபார்க்கும் சுற்று சீக்கிரம் முடிந்துவிட்டால் கீழே மாற்றம் வருவதற்கு நேரமில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

கீழே திரும்பி வரும் இந்த ஓட்டத்தையே நனவின், அதாவது 'பார்க்கிறேன்' என்ற உணர்வின், மையமாக வைப்பவர் ஆம்ஸ்டர்டாமின் விக்டர் லாம்மே. மறைப்பான், பின்னணியிலிருந்து உருவத்தைப் பிரித்துக்காட்டும் தாமதமான துடிப்பை முதல் காட்சிப் புறணியில் வெட்டிவிடுகிறது என்றும், முதல் அலையைத் தொடுவதில்லை என்றும் 2002இல் அவர் குழு காட்டியது. காட்சிப் பகுதிக்குள் இந்தச் சுற்று ஓடினாலே அந்தப் பொருள் நனவில் இருக்கிறது என்பது அவர் கட்சி. டெஹேன் ஒத்துக்கொள்ளமாட்டார். அவருக்குக் காட்சிப் பகுதிக்குள் என்ன நடந்தாலும் அது உள்வீட்டு விவகாரம். நெற்றிப்புறமும் உச்சிப்புறமும் உட்பட மூளை முழுக்க அந்தச் செய்தி பற்றிக்கொண்டால்தான் "பார்த்தேன்" என்பது. 2007இல் அவர் குழு இலக்கத்துக்கும் மறைப்பானுக்கும் நடுவே இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தது. தொடக்க மூளையலைகள் இடைவெளியோடு சீராக ஏறின. ஆனால் 270 மில்லிவினாடிக்கு மேல் வரும் பெரிய அலை அப்படி ஏறவில்லை. ஒரு எல்லைவரை ஒன்றுமில்லை, தாண்டியதும் முழுசாக எழுந்தது. பார்த்தவர்கள் சொன்னதும் அப்படியே, தெரியவில்லை அல்லது தெரிந்தது.

எனக்கு லாம்மே பக்கம் சாய்வு உண்டு, ஆனால் அதற்கு ஆதாரம் தேடும்போது ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறோம். ஒருவர் பார்த்தாரா இல்லையா என்பதை எப்படி அறிவது? "தெரிந்ததா?" என்று கேட்டால், தயக்கக்காரர் மங்கலாகத் தெரிந்ததையும் "இல்லை" என்பார். "ழவா ளவா, ஏதாவது ஒன்றைச் சொல்" என்று கட்டாயப்படுத்தினால், எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறவரும் சும்மா அடித்துச் சொல்வதைவிடக் கூடுதலாகச் சரியாகச் சொல்லக்கூடும். இரண்டில் எதை 'பார்க்கவில்லை' என்பதற்கு அளவாக வைப்பது என்பதைப் பொறுத்து, நனவில்லாத பார்வை பற்றிய பாதிக் கண்டுபிடிப்புகள் நிற்கும் அல்லது விழும். 1986இல் டேனியல் ஹோலண்டர் இந்தக் குறையைப் பிடித்து அதுவரையான ஆய்வுகளை உலுக்கினார். 2004இல் ராம்சோயும் ஓவர்கார்டும் 'தெரிந்தது, தெரியவில்லை' என்ற இரண்டை விட்டு, ஒன்றுமில்லை, ஏதோ ஒரு சாயல், ஏறத்தாழத் தெளிவு, முழுத் தெளிவு என்று நாலு படி வைத்தார்கள். அப்படிக் கேட்டால் மக்கள் நடுப்படிகளையும் பயன்படுத்துகிறார்கள். டெஹேனின் "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" அவ்வளவு கறாராக நிற்பதில்லை.

மறைப்புக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு, அதை இங்கே சொல்லாமல் போனால் டர்பன்காரன் ஆகமாட்டேன். என்3 சாலையில் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மழைநாளில் ஓட்டினால், கண்ணாடியில் சேறு தெறித்துக்கொண்டே இருக்கும். கெவின் ஓ'ரீகன், ரென்சிங்க், கிளார்க் மூவரும் 1999இல் இதையே சோதனையாக்கினார்கள். ஒரு படத்தின் மேல் சில சேற்றுத்துளிகள் போன்ற திட்டுகள் ஒரு கணம் தெறிக்கின்றன. அதே கணத்தில் படத்தில் ஏதோ ஒன்று மாறுகிறது, சாலையின் நடுக்கோடு போல பெரிதாகவே. திட்டுகள் மாறிய இடத்தை மூடுவதே இல்லை. ஆனாலும் மாற்றத்தைப் பலரும் கவனிக்கவில்லை. இதைச் சரியான பொருளில் மறைப்பு என்று சொல்லக்கூடாது. பொருள் நனவிலிருந்து விலகவில்லை, மாறியது என்ற செய்திதான் திட்டுகளின் ஆரவாரத்தில் அமுங்கிப்போகிறது. ஆனால் ஓட்டுநர், சேறு மறைத்த இடத்தை மட்டும்தான் சந்தேகிப்பார்.

மறைக்கப்பட்டது அழிந்தேவிட்டதா என்ற கேள்விக்கு 1967இலேயே ஒரு வேடிக்கையான பதில் கிடைத்தது. வில்லியம் டெம்பரும் டீன் பர்செலும் மறைப்பானையே மறைத்துப் பார்த்தார்கள். முதலில் இலக்கு, அடுத்து அதை மறைக்கும் வளையம், அதற்கும் அடுத்து வளையத்தை மறைக்கும் இன்னொன்று. வளையம் பலவீனமானதும் இலக்கு திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதாக வந்தது, இரண்டாவதை அடக்கி, முதலாவதை விடுவித்திருக்கிறது.

தத்துவவாதி டேனியல் டென்னெட் 1991இல் இந்த வட்டம்-வளையத்தை வைத்தே ஒரு சிக்கலை எழுப்பினார். வட்டம் ஒரு கணம் நனவுக்கு வந்து, வளையம் வந்ததும் அந்த நினைவு துடைக்கப்பட்டதா? அல்லது நனவுக்கு வராமலே தடுக்கப்பட்டதா? இரண்டிலும் கடைசியில் அந்த மனிதர் சொல்வது ஒன்றுதான், "வட்டத்தைப் பார்க்கவில்லை". உள்ளே கேட்டறிய வேறு ஆள் இல்லாதபோது இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. நனவுக்கு வரும் 'அந்த ஒரு கணம்' என்று ஒன்றே கிடையாது என்றார் அவர்.

அது கொஞ்சம் அவசர முடிவு என்று நினைக்கிறேன். 2013இல் கிளேர் செர்ஜென்ட்டும் அவர் குழுவும் மங்கலான ஒரு கோட்டுருவைக் கண நேரம் காட்டி, அது போனபிறகு, அது இருந்த பக்கத்தை நோக்கிக் கவனத்தை இழுத்தார்கள். உரு மறைந்து 400 மில்லிவினாடி கழித்து இழுத்தபோதும் பலன் இருந்தது. எந்தச் சாய்வில் இருந்தது என்று சரியாகச் சொன்னதோடு, "பார்த்தேன்" என்றும் கூடுதலானோர் சொன்னார்கள். திரையில் இல்லாத ஒன்று, கவனம் பிந்தி வந்ததால், பிந்தியே நனவுக்கு ஏறியிருக்கிறது. முன்னால் வந்ததைப் பின்னால் வந்தது மறைக்கவும் செய்யும், காட்டவும் செய்யும் என்றால், அந்த அரை வினாடியின் தொடக்கத்தில் உருவம் எந்த நிலையில் காத்துக்கொண்டிருந்தது என்பதைத்தான் இப்போது இந்தத் துறையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.